ஓய்வுபெற்ற அப்பாவும் தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலியும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பாவுக்கு வயது 60. அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்று மூன்று மாதம் ஆகிறது. வங்கி, ஓய்வூதியக் காகிதங்கள், உறவினர் வீடுகள் என்று முதல் சில வாரங்கள் ஓடின. இப்போது டிவி ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார், அம்மாவோடு சின்னச் சின்ன உரசல். கும்பகோணத்து வீட்டில் தாத்தா காலத்துச் சாய்வு நாற்காலி, ஊஞ்சல் பலகை, ஒரு முக்காலி, நான்கு மணைகள், பச்சை பெயிண்ட் அடித்த அலமாரி எல்லாம் அப்படியே கிடக்கின்றன. "இதையெல்லாம் நானே பாலிஷ் போட்டுப் பார்க்கணும்" என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். மரம் தேய்க்கும் மெஷினும் கருவிப் பெட்டியும் வாங்கி ஆச்சரியப்படுத்தலாமா, இந்த வயதில் இது ஆகுமா, எங்கே தொடங்குவது, நாற்காலியின் கித்தான் துணியை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். ஒரு மாதத்தில் அலுத்து, பாதி சுரண்டிய நாற்காலி திண்ணையில் கிடக்கும்படி ஆகிவிடக் கூடாதே என்ற கவலையும் அதற்குள் இருக்கிறது. எனவே அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வயது தடையே இல்லை. மெஷின் வேண்டாம், இப்போதைக்கு. மணையில் தொடங்கட்டும், சாய்வு நாற்காலி கடைசியில் வரட்டும், அலமாரியைத் தொடவே வேண்டாம். அலமாரியைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்றவர்களுக்கு எந்தக் கைவேலை நிலைக்கிறது என்பதை அந்த வேலையின் காத்திருப்பு நேரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ஒரே மூச்சில் செய்து முடிக்கக்கூடிய வேலை என்றால், பழைய பழக்கத்தில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அதிலேயே விழுந்து, நான்கு நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். பழைய மரச் சாமான்களுக்குப் பூசும் அரக்கு பாலிஷ் அப்படி விடாது. இன்று இரண்டு மணி நேரம் தேய்க்கலாம், மூன்று நான்கு கை, அதாவது மூன்று நான்கு பூச்சு, பூசலாம். அதற்கு மேல் பூசினால் கெட்டுவிடும், நாளைவரை காத்திருந்தே ஆகவேண்டும். நாளைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்ற நினைப்போடு தூங்கப்போவதுதான் இதில் கிடைக்கும் லாபம். மாடித்தோட்டத்துக்கும் இதே குணம் உண்டு. அப்பா மரச் சாமானைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பதால் அதிலேயே நிற்கிறேன்.

பொழுதுபோக்கு மனநிலையை உயர்த்துமா என்பதில் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு, 16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 93,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. பொழுதுபோக்கு உள்ளவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாகவும் வாழ்க்கைத் திருப்தி அதிகமாகவும் இருந்தன. அது பொழுதுபோக்கால் வந்ததா, மனம் நன்றாக இருப்பவர்கள்தான் பொழுதுபோக்கு வைத்துக்கொள்கிறார்களா என்பதை இத்தகைய ஆய்வு முழுதாகத் தீர்த்துச் சொல்லாது. எனவே இதை மருந்தாக நினைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார் என்றால் உப்புத்தாள் வாங்கிக் கொடுக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். உடற்பயிற்சிக்கும் இது ஈடாகாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை நடையை விட்டுவிட்டு நாற்காலி தேய்த்தால் கணக்கு சரியாகாது.

முதலில் சாமானின் மேல் இப்போது இருப்பது என்ன பூச்சு என்று கண்டுபிடிக்க வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட் (பாலிஷ் கரைக்கப் பயன்படும் எரிசாராயம்) தொட்டு, கண்ணில் படாத இடத்தில் (மணையின் அடிப்பக்கம், நாற்காலிக் காலின் உள்பக்கம்) அரை நிமிடம் வைத்து அழுத்துங்கள். பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பாக ஒட்டினால் அது அரக்கு, அதாவது பழைய ஸ்பிரிட் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்கு (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கரைக்கும் திரவம்) இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் வார்னிஷ், மெலமைன், பி.யூ. (பாலியூரித்தேன்) போன்ற ஏதோ ஒன்று. தாத்தா காலத்துச் சாமான் என்றால் பெரும்பாலும் அரக்காகவே இருக்கும், ஆனால் நடுவில் யாராவது மேலே வார்னிஷ் அடித்திருக்கலாம். படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, பஞ்சு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அரக்கு என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். அரக்கு காய்ந்த பிறகும் ஸ்பிரிட்டில் கரையும் என்பதால், புதிதாகப் பூசுவது பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும். உரித்தெடுக்க வேண்டிய அவசியமே பலமுறை இருக்காது. அழுக்கை எடுத்து, மேலே மூன்று நான்கு கை பூசினால் போதும். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் நாளே 80 நம்பர் சொரசொரப்பான உப்புத்தாளை எடுத்து வெள்ளைக் கட்டை தெரியும்வரை தேய்ப்பது. அறுபது எழுபது வருட வெயிலும் கையும் பட்டு ஏறிய நிறம் அதோடு போய்விடும். அதைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கடையிலும் டப்பா கிடையாது.

அழுக்கு என்றேன், அது என்ன அழுக்கு என்பதைப் பாருங்கள். சாய்வு நாற்காலியில் கித்தான் துணிக்கு மேலே தெரியும் குறுக்குக் கட்டையிலும் கை வைக்கும் பலகைகளிலும் கறுப்பாக ஒரு படலம் இருக்கும். ஐம்பது வருடத்துத் தலையெண்ணெயும் கைவியர்வையும்தான் அது. நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி சுருண்டு வரும். இதன் மேல் பாலிஷ் பூசினால் ஒட்டாது, அங்கங்கே விலகிக் குழி குழியாக நிற்கும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்ப்பன்டைனைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். துணியை அடிக்கடி மாற்றிக்கொண்டே, கடைசித் துணி பழுப்பேறாமல் வரும்வரை துடைக்க வேண்டும். கைப்பலகைக்கு மட்டும் ஏழெட்டுத் துண்டு துணி ஆகும். பொறுமையாகச் செய்தால் இது ஒரு முழுக் காலைப்பொழுது. பச்சை நைலான் ஸ்க்ரப்பர் வைத்து லேசாகத் தேய்க்கலாம். பாத்திரம் துலக்கும் இரும்பு நார் வேண்டாம். அதன் துகள்கள் மர ரேகையில் மாட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளிகளாகத் துருவேறும். சிலர் காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றி உரிக்கச் சொல்வார்கள். தேக்கு கறுத்துவிடும், இணைப்புகளில் இருக்கும் வஜ்ஜிரம் என்ற பழைய பசை இளகிவிடும், தோலும் வெந்துபோகும். கிட்டே சேர்க்காதீர்கள்.

தேய்க்கும் முன் ஆட்டிப்பாருங்கள். கால் ஆடினால் முதலில் இணைப்பைச் சரிசெய்ய வேண்டும். பழைய பசையின் மேல் ஃபெவிகால் ஊற்றினால் பிடிக்காது, ஏனென்றால் அது மர நார்களுக்குள் இறங்கித்தான் பிடிக்கும். இணைப்பைக் கழற்றி, இரண்டு பக்கமும் பழைய பசையைச் சுரண்டி, மரம் தெரிந்த பிறகு தடவி மாட்ட வேண்டும். கிளாம்ப் இல்லையென்றால் பழைய கொடிக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, குச்சியைக் கட்டையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அதே இறுக்கம் கிடைக்கும். ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாது. பிதுங்கி வெளியே வரும் பசையை அப்போதே ஈரத்துணியால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் உள்ளே இறங்காமல் வெளிறிய திட்டாகத் தெரியும், அதை மறைக்க வழியில்லை. மாவு போல மெல்லிய பொடி கொட்டி, குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்தால் உளு. தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியை அது பெரும்பாலும் தொடாது, வெளிர்ந்த ஓரப்பகுதியில்தான் குடியிருக்கும். கடையில் கிடைக்கும் மரப்புழு மருந்தை ஊசி சிரிஞ்சில் எடுத்து ஓட்டைகளில் விட்டு, ஒரு வாரம் வைத்துப் பார்த்து, புதுப் பொடி விழவில்லை என்றால் மேலே போகலாம். பொடி இல்லாமல் மண் கோடுகளாக ஏறியிருந்தால் அது கரையான். அதன் வீடு சுவரிலோ தரையிலோ இருக்கிறது, நாற்காலிக்கு மருந்து வைத்துப் பயனில்லை.

பழைய பூச்சு பெயர்ந்து, வெடித்து, திட்டுத் திட்டாக இருந்தால்தான் முழுக்க உரிக்க வேண்டும். அரக்கு என்றால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு வைத்தால் இளகிவிடும், தகட்டால் வழித்து எடுக்கலாம். பிறகு உப்புத்தாள் 120, 180, 240, 320 என்ற வரிசையில். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால், முந்தைய தாள் போட்ட கோடுகளை அடுத்த தாள் அழிக்காது. தேய்க்கும்போது அவை தெரியாது. பாலிஷ் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். எப்போதும் ரேகை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். தாளை வெறும் விரலால் பிடித்தால் விரல் பதியும் இடம் பள்ளமாகும். சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு மரத்துண்டில் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டி, அதில் தாளைச் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு தாளும் முடிந்ததும் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பார்க்க வேண்டும். குறுக்குக் கோடு ஒன்று பாக்கி இருந்தாலும் நிழலோடு எழுந்து நிற்கும். வயதாக ஆக விழித்திரைக்குள் போகும் வெளிச்சமே குறைந்துவிடுகிறது. இருபது வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போகிறது என்பார்கள். நீங்கள் ஏதாவது வாங்கிக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு நல்ல மேசை விளக்கு வாங்கிக் கொடுங்கள்.

தூசி விஷயத்தில் சமரசம் கூடாது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே அப்படி வகைப்படுத்தியது. வருடக்கணக்கில் பட்டறையில் வேலை செய்பவர்களை வைத்துச் சொன்னது அது. நாளுக்கு ஒரு மணி நேரம் மணை தேய்ப்பவருக்கு அதே அளவு ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும், ஆஸ்துமா இருந்தால் கிளப்பிவிடும். என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, முற்றத்திலோ பின்கட்டுத் தாழ்வாரத்திலோ செய்யட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உளி, தகடு கையாளும்போது கெட்டியான கையுறை வேண்டும், சின்ன வெட்டும் நிற்காமல் கசியும். நீண்ட நாள் சர்க்கரை இருந்து விரல் நுனி மரத்திருந்தால் வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், சிராய் ஏறியிருப்பது தெரியாமலே போய்விடும். தரையில் குந்தி உட்கார்ந்து செய்வது ஆசாரிகளுக்குச் சிறுவயதிலிருந்து பழக்கம். அரசு அலுவலக நாற்காலியில் முப்பது வருடம் இருந்தவருக்கு முட்டியும் இடுப்பும் மூன்றாம் நாளே பேசும். பழைய மேசை ஒன்றின் மேல் சாக்கு விரித்து, அதன் மேல் சாமானை வைத்து, நின்றோ ஸ்டூலில் உட்கார்ந்தோ செய்யட்டும்.

இனி பாலிஷ். அரக்கு என்பது புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் குடியேறும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். ஜார்க்கண்ட் பக்கம்தான் அதிகம் எடுக்கிறார்கள், ராஞ்சியில் 1924-இலிருந்தே இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. செதில்களாக விற்பார்கள், ஸ்பிரிட்டில் கரைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் ஸ்பிரிட்டைக் கேட்ட இடத்தில் கேட்ட அளவு வாங்கிவிட முடியாது. குடிப்பதற்குக் கடத்தப்படும் என்பதால் 1959-ஆம் ஆண்டிலேயே இதற்குத் தனி விதிகள் போட்டார்கள், அந்த விதிகளின் பெயரிலேயே பிரெஞ்ச் பாலிஷும் இருக்கிறது. எனவே உரிமம் உள்ள பெயிண்ட் கடையில், தேவையான சின்ன அளவை மட்டும் பில்லோடு வாங்குங்கள். அதில் கலந்திருக்கும் மெத்தனால் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. ஸ்பிரிட் கிடைக்காவிட்டால் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலிலும் அரக்கு கரையும், கொஞ்சம் மெதுவாகக் காயும். கிருமிநாசினியாக விற்கும் 70 சதவீதச் சரக்கு ஆகாது, அதில் இருக்கும் தண்ணீர் பூச்சை வெளிறவைத்துவிடும்.

அளவு: அரை லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம் செதில். கண்ணாடி பாட்டிலில் போட்டு, முதல் இரண்டு மணி நேரம் அவ்வப்போது குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பாறை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இரவு முழுக்க ஊறிய பிறகு மெல்லிய துணியில் வடிகட்டவும். சீக்கிரம் கரையட்டும் என்று அடுப்பில் வைக்கக் கூடாது, ஆவி குப்பென்று தீப்பிடிக்கும். தகர டப்பாவும் வேண்டாம், இரும்பு பட்டால் அரக்கு கறுக்கும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் சரியாக இருக்கும். மூடிக்கு அடியில் ஒரு பாலிதீன் துண்டு வைக்காவிட்டால் அடுத்த முறை மூடி திறக்காது. பாட்டில் மேல் கரைத்த தேதியை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கரைத்த அரக்கு மெதுவாகக் கெட்டுக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஆனால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். இன்னும் நகம் பதிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். அதைப் பூசினால் எத்தனை நாள் ஆனாலும் கெட்டிப்படாது. ஒரு நாற்காலிக்குக் கால் லிட்டர் தாராளம், எனவே மொத்தமாகக் கரைத்து வைக்க வேண்டாம்.

முதல் இரண்டு பூச்சு மென்மையான பிரஷ்ஷில், மெல்லிசாக, ஒரு மணி நேர இடைவெளியில். மறுநாள் 400 நம்பர் தாளால் எடை கொடுக்காமல் ஒரு தடவல். அதற்குப் பிறகு பிரஷ்ஷை எடுத்து வைத்துவிட்டுப் பொட்டணத்துக்கு மாற வேண்டும். பலமுறை துவைத்து நார் உதிராத பழைய வேட்டித் துணி மாதிரி இதற்கு வேறொன்று இல்லை. ஒரு சாண் சதுரத்துக்குக் கிழித்து, நடுவில் எலுமிச்சம்பழம் அளவு பஞ்சை வைத்து, அடிப்பக்கம் சுருக்கம் இல்லாமல் முறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாலிஷை அதே அளவு ஸ்பிரிட் சேர்த்து இளக்கி, பொட்டணத்தைப் பிரித்துப் பஞ்சின் மேல் ஊற்ற வேண்டும். வெளியே தோய்க்கக் கூடாது. காகிதத்தில் ஒருமுறை அழுத்தி உபரியை எடுத்த பிறகு பலகைக்குக் கொண்டுபோகலாம். கை ஓடும் விதம் சாணம் மெழுகுவதைப் போல இருக்க வேண்டும். வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கும், எங்கும் நிற்காது. நின்ற இடத்தில் பொட்டணம் கீழே இருக்கும் பூச்சைக் கரைத்து ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். அப்படிப் பிய்ந்தால் உடனே மேலே பூசிச் சரிசெய்யப் பார்ப்பார்கள், இன்னும் மோசமாகும். விட்டுவிட வேண்டும். மறுநாள் கெட்டியான பிறகு 400 நம்பர் தாளால் அந்த இடத்தைச் சமன் செய்து மேலே போகலாம். பொட்டணம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி தோன்றினால் அடியில் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின், மருந்துக்கடையில் கிடைக்கும். ஒரு சொட்டுதான். அதிகமானால் பளபளப்பாகத் தெரிந்து ஒரு வாரம் கழித்து மங்கலாக வியர்க்கும்.

ஒரு நாளில் மூன்று நான்கு கை, அதற்கு மேல் வேண்டாம். தொட்டால் பத்து நிமிடத்தில் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இளசாகவே இருக்கும். ஐந்தாறு நாள் இப்படிப் போனால் மணை முகம் பார்க்கும் அளவுக்கு வந்துவிடும். அவ்வளவு பளபளப்பு வேண்டாமென்றால் மூன்றாம் நாளே நிறுத்தலாம். என்னைக் கேட்டால் சாய்வு நாற்காலிக்கு மங்கல் பூச்சுதான் அழகு. பிறகு ஒரு வாரம் அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது. நேர ஒதுக்கீட்டையும் பாலிஷே சொல்லிவிடும். நம் ஊரில் விடியற்காலையில் காற்றில் ஈரம் அதிகம், வெயில் ஏற ஏறக் குறையும். அதனால் தேய்ப்பு காலை எட்டிலிருந்து பத்து, பூச்சு பதினொன்றிலிருந்து மூன்றுக்குள், நிழலில். ஈரக்காற்றில் பூசினால் ஸ்பிரிட் ஆவியாகும் குளிர்ச்சியில் தண்ணீர் படிந்து பூச்சு பால் மாதிரி வெளிறும். லேசாக வெளிறியிருந்தால் வெயில் நாளில் ஸ்பிரிட் மட்டும் நனைத்த பொட்டணத்தால் ஒரு தடவை ஓட்டினால் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூச்சு வேலையை நிறுத்திவிட்டு இணைப்பு ஒட்டுவது, தேய்ப்பது போன்றவற்றை வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பிரிட்டின் ஆவி கண்ணுக்குத் தெரியாது, தீயைத் தேடிப் போகும். பூச்சு நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவர்த்தி, பீடி சிகரெட் எதுவும் கூடாது. கும்பகோணத்து வீடுகளில் பூஜை மாடம் தாழ்வாரத்தை ஒட்டியே இருக்கும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். யாராவது ஆளி விதை எண்ணெய் பூசச் சொல்லி, அப்பா அதையும் முயன்று பார்த்தால், நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போதே சூடாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்கவும், அல்லது தண்ணீர் வாளியில் போடவும்.

பச்சை அலமாரி. இந்தியாவில் வீட்டு பெயிண்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் நிறைய இருக்க வாய்ப்புண்டு. உங்கள் அலமாரியில் இருக்கிறதா என்பதைப் பரிசோதனைக்கூடம்தான் சொல்லும். இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதே நல்லது. காய்ந்த பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும், தரையில் தவழும் பேரக்குழந்தைகளின் வாய்க்குத்தான் போய்ச்சேரும். ஊதுவிளக்கால் சுட்டு உரிப்பதும் கூடாது. கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவர்களில் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும், அது உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும், இதயநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. பெயிண்ட் பெயராமல் கெட்டியாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, மேலே புது பெயிண்ட் அடித்துவிடுவதே உத்தமம். அடியில் தேக்கு இருக்கிறதே என்று மனசு கேட்காது, கேட்காவிட்டாலும் விட்டுவிடுங்கள். டைனிங் டேபிள் இருந்தால் அதற்கும் அரக்கு வேண்டாம், காபி டம்ளர் சூட்டுக்கே வெள்ளை வளையம் விழும். பி.யூ., மெலமைன் பூச்சுகளில் வரும் வேதிப்பொருள்கள் நுரையீரலுக்கு நல்லதல்ல, வீட்டில் செய்ய வேண்டாம், அந்த ஒரு சாமானைப் பாலிஷ்காரரிடம் கொடுத்துவிடலாம்.

வரிசை இதுதான்: முதல் மணை முற்றிலும் பழகுவதற்கு. கெட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம், அரக்கில் அந்தச் சலுகை உண்டு. நான்கு மணையும் முடிய ஒன்றரை மாதம் ஆகும், ஆகட்டும். பிறகு முக்காலி, கால்களின் வளைவில் பூச்சு வழிந்து தேங்கும் பாடத்தை அது சொல்லிக்கொடுக்கும். பிறகு ஊஞ்சல் பலகை. அதைக் கழற்றும்போதே சங்கிலியின் கொக்கிகளைப் பாருங்கள். ஒன்றோடொன்று உரசும் இடத்தில் தேய்ந்து மெலிந்திருந்தால், பலகை எவ்வளவு பளபளத்தாலும் யாரும் உட்காரக் கூடாது. கொக்கியை முதலில் மாற்றுங்கள். சாய்வு நாற்காலி கடைசி.

மெஷின் ஏன் வேண்டாம் என்றால், மணைக்கும் முக்காலிக்கும் அது தேவையில்லை. பழகாத கையில் சாண்டர் என்னும் அந்தத் தேய்ப்பு மெஷின் ஓரங்களை மழுக்கிவிடும். ஆங்கிள் கிரைண்டரில் வட்டத்தாள் மாட்டித் தேய்ப்பதைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள், அதை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஊஞ்சல் பலகை வரும்போது, கை வலிக்கிறது என்று அவரே கேட்டால், தூசிப்பை உள்ள சின்ன ஆர்பிட்டல் சாண்டர் ஒன்று வாங்கலாம். அதுவரை உப்புத்தாள், டர்ப்பன்டைன், பிரஷ், அரக்கு, ஸ்பிரிட், முகக்கவசம் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அதையும் நீங்கள் வாங்கி அனுப்பாதீர்கள். பெயிண்ட் கடைக்கு அவரே போய், அங்கே நிற்கும் பாலிஷ்காரரிடம் நாலு வார்த்தை கேட்டு, தவறான நம்பர் தாளை வாங்கி வந்து, மறுநாள் மாற்றப் போவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி. மொத்தப் பெட்டியும் கூரியரில் வந்தால் "எதுக்குடா இவ்வளவு செலவு" என்பதோடு அது பரணுக்குப் போய்விடும். தீபாவளிக்குள் முடித்துவிடுங்கள் என்று தேதி வைப்பதும் வேண்டாம், இப்போதுதான் தேதிகளிலிருந்து விடுபட்டு வந்திருக்கிறார்.

அம்மாவைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீடுதான் அவர் வேலை செய்யும் இடம், அவருக்கு ஓய்வு வயது என்று எந்த அரசாணையும் வரவில்லை. தாழ்வாரத்தில் எந்தப் பக்கம், எந்த நேரத்தில் தூசி, துணி காயும் நேரத்தில் தேய்க்கக் கூடாது, கூட்டுவது யார் பொறுப்பு என்று முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளட்டும். நீங்கள் சொன்ன உரசலில் பாதி இடத்தகராறாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

கடைசியாகக் கித்தான் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய துணியைத் தூக்கிப்போடாதீர்கள், அதுதான் அளவு. இரண்டு முனையிலும் கட்டை நுழையும் மடிப்போடு சேர்த்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஆனால் பழையது வருடக்கணக்கில் தொய்ந்திருக்கும் என்பதால் நான்கு விரற்கடை குறைத்துக்கொள்ளலாம். புதுப் பருத்திக் கித்தானைத் தைக்கக் கொடுக்குமுன் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் துவையலிலேயே சுருங்கி, கட்டை மாட்ட எட்டாது. சாதாரண தையல்காரரின் மெஷின் மடித்த கித்தானில் ஊசியை உடைத்துக்கொள்ளும், பை தைக்கும் கடையில் கெட்டி நூலில் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். மாட்டியதும் யாரும் உட்காருமுன் இரண்டு அரிசி மூட்டையை ஒரு ராத்திரி அதில் வைத்துப் பாருங்கள்.